அம்மாவைக் கேட்கணும்

அத்தியாயம் 14

காரில் யார் எங்கே உட்காருவது என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை ஓட்டுவார். அவர் பக்கத்தில் நான். என் மனைவி பின் இருக்கையில், மாப்பிள்ளைக்கு நேர் பின்னால். அங்கே உட்கார்ந்தால் மேலே இருக்கும் கண்ணாடியில் அவர் முகம் இவளுக்குத் தெரியாது. இவள் முகமும் அவருக்குத் தெரியாது.

எங்கள் மகள் போய் அப்போது பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதமும் மாப்பிள்ளையிடம் இவள் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."

மூன்று பேரும் மூன்றடிக்குள் இருக்கிறோம். இருந்தாலும் நான் திரும்பி, "மாப்பிள்ளை, ஏசியைக் குறைக்கணுமாம்" என்பேன்.

"குறைச்சிட்டேன்னு சொல்லுங்க மாமா."

"குறைச்சிட்டாராம்."

"காதுல விழுந்துச்சு."

தபால்காரர் வேலை எனக்குப் பழகிப்போயிருந்தது.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மகளுக்கு வயிற்றில் கட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன நாளுக்கும், அவள் அம்மாவுக்கு அது தெரியவந்த நாளுக்கும் நடுவே ஆறு வாரம் கழிந்துவிட்டது. அம்மாவுக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரியில் கடைசி நான்கு நாள். அதிலும் இரண்டு நாள் மகளுக்கு நினைவில்லை.

"என் பிள்ளையோட ஆறு வாரத்தை அவர் ஒளிச்சு வச்சுக்கிட்டார்." இதை அவள் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எனக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மகளுக்கு வக்கீல் என்று பெயர். அவள் சட்டம் படித்தவள் அல்ல. பல் செய்யும் லேபில் வேலை பார்த்தவள். ஐந்து வயதில் கிடைத்த பெயர் அது. என் மனைவி தையல் கடை வைத்திருக்கிறாள். துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டுவது எங்கள் வீட்டில் கொலைக்குச் சமம். ஒரு நாள் அவசரத்தில் நான் அதைச் செய்து மாட்டிக்கொண்டேன். ஐந்து வயதுக்காரி நடுவில் வந்து நின்றாள். "அப்பா வெட்டினது பேப்பர் இல்லம்மா. துணி மாதிரி இருக்கிற பேப்பர்." இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தப்பினேன். அன்றிலிருந்து அவள் வக்கீல்.

வக்கீலுக்கு 'சாம்பல்நாடு' படங்கள் என்றால் உயிர். ஆறு பாகம். மாயக் கோட்டை, எலும்பு ராணி, டிராகன் எல்லாம் வரும். பதினைந்து வயதில் பார்க்க ஆரம்பித்தவள், கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த டிராகனுக்குக் கடைவாய்ப் பல்லே இல்லப்பா. எப்படி மென்னு தின்னும்? நான் ஒரு செட் செஞ்சு அனுப்பட்டுமா?" என்பாள்.

அந்த ஆறு வாரத்தில் அவள் ஒரு நோட்டு எழுதியிருந்தாள். அந்தப் படங்களை எடுத்த ஒன்பது நிஜமான இடங்கள். எந்தப் பாகம், எத்தனையாவது நிமிடம் என்று பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் படத்திலிருந்து ஒரு காட்சியை அச்செடுத்து ஒரு ஃபைலில் போட்டிருந்தாள். போய்ப் பார்க்க உடம்பு இடம் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, நோட்டோடு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, "நான் போகப்போறேன் மாமா. நீங்க ரெண்டு பேரும் வர்றீங்களா?" என்றார்.

இவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நோட்டை வாங்கிப் புரட்டினாள். ஐந்தாவது பக்கத்தில் நின்றுவிட்டாள்.

'5. துறைப்படிகள். மூன்றாம் பாகம், 1 மணி 42 நிமிடம்' என்று இருந்தது. அதற்குக் கீழே, பென்சிலில், சின்ன எழுத்தில்: 'அம்மாவைக் கேட்கணும்.'

வேறு எந்தப் பக்கத்திலும் அப்படி இல்லை.

"என்னைக்குக் கிளம்பறோம்னு கேளுங்க" என்றாள் என்னிடம்.

*

நான்கு இடங்கள் பார்த்தாயிற்று. எலும்பு ராணியின் தர்பார் நேரில் பிறப்பு இறப்பு பதிவு அலுவலகம். போட்டோ எடுக்கப்போனவர்களை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். டிராகனின் குகை ஒரு கடைவளாகத்தின் அடித்தளக் கார் நிறுத்தம். டிராகன் படுத்திருந்த இடத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றது.

ஒவ்வோர் இடத்திலும் ஒரே வேலைதான். மாப்பிள்ளை அச்செடுத்த காட்சியைக் கை நீட்டிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்னே பின்னே நகர்வார். காகிதத்தில் இருக்கும் சுவரும் எதிரில் இருக்கும் சுவரும் ஒட்டும்வரை நகர்வார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். ஒருவர் மூலத்தை வாசிக்க, ஒருவர் அச்சில் சரிபார்ப்பது எங்கள் முறை. அதே குரலில் வாசிப்பேன். "ஜன்னல், நாலு. தூண், ரெண்டு. தூணுக்கு இடப்பக்கம் கதவு."

"இருக்கு. இருக்கு. இருக்கு மாமா."

இடம் ஒட்டியதும், படத்தில் ஆள் நின்ற இடத்தில் யாரும் நிற்கமாட்டோம். அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் போட்டோ எடுப்போம். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. முதல் இடத்தில் அப்படி ஆனது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

ஐந்தாவது இடத்துக்குப் போகிற காலையில் இவள் சாப்பிடவில்லை.

"என்னங்க, அவ என்ன கேக்க நெனச்சிருப்பா?" என்றாள். காரில் மூன்று பேரும் இருக்கும்போதுதான் கேட்டாள்.

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'வீட்டுக்கு வந்துடவாம்மா'ன்னு கேக்க நெனச்சிருப்பாளோ? ஆஸ்பத்திரி வேண்டாம், உன் கட்டில்லயே படுத்துக்கறேன்னு?"

மாப்பிள்ளையின் கைகள் ஸ்டியரிங்கில் இறுகுவதைப் பார்த்தேன்.

"கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

வாசகர்களிடம் இதை மறைத்துப் பயனில்லை. நான் அவளிடம் சொல்ல வேண்டியவை இரண்டு இருந்தன. ஒன்று மாப்பிள்ளைக்கும் தெரியும். இன்னொன்று மகளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

முதலாவது, டாக்டர் சொன்ன அன்றே எனக்குத் தெரியும். மகள் அச்சகத்துக்கே போன் செய்தாள். மாப்பிள்ளையை இவள் திட்டிய பதினோரு மாதமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு முறை, "ஏன் மாப்பிள்ளை, சொல்லிடலாமே" என்றேன். "எனக்கு எப்படியும் திட்டு விழுந்தாச்சு மாமா. ஒரே வீட்டுல ரெண்டு பேர் எதுக்கு வாங்கிக்கணும்?" என்றார்.

இரண்டாவது, அன்று போனில் மகள் கேட்டது. "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களாப்பா, நான் சொல்லட்டுமா?"

என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆகி அன்று பத்தாம் நாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அழவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

"இப்ப வேண்டாம்மா. ரெண்டு வாரம் போகட்டும்" என்றேன்.

 "சரிப்பா" என்றாள் வக்கீல். அவள் வாதாடாமல் எதையும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்று ஒப்புக்கொண்டாள்.

இரண்டு வாரம் ஆனதும், இன்னும் ஒரு வாரம் என்றேன். அப்புறமும் அதையே சொன்னேன்.

*

துறைப்படிகள் என்பது ஒரு பழைய நீரேற்று நிலையம். சிவப்புச் செங்கல் கட்டடம், உயரமான ஜன்னல்கள், ஒரு புகைபோக்கி. கட்டடத்திலிருந்து அகலமான கால்வாய் வருகிறது. கால்வாய்க்கு மேலே ஒரு நடைபாலம். இரண்டு கரையிலும் தண்ணீருக்கு இறங்கும் கல்படிகள். படத்தில் இதுதான் மரித்தோர் துறை. அரசனின் காவலன் படகில் ஏறுவதற்கு முன், கீழிருந்து மூன்றாவது படியில் நின்று, உடம்பைத் திருப்பி, ஒரு முறை நாட்டைப் பார்ப்பான். அவ்வளவுதான் காட்சி. வக்கீல் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் அழுவாள்.

பம்ப் ஆபரேட்டர் ஓர் அம்மாள். எண்ணெய்க்கறை படிந்த காக்கிச் சட்டை. பதிவேட்டை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க. நீங்களும் அந்த சினிமாவுக்குத்தானா?"

"ஆமாங்க" என்றார் மாப்பிள்ளை. "எந்தப் படின்னு தெரியுமா?"

"நான் மாத்தலாகி வந்தே ரெண்டு மாசம்தான் ஆகுது. பேயும் பிசாசும் வர்ற படம் நமக்கு ஆகாது. வர்றவங்க எல்லாரும் பேப்பரை நீட்டிக்கிட்டு, ஒத்தக்கண்ணை மூடிக்கிட்டு நடக்கறாங்க. போன வாரம் ஒருத்தர் தண்ணிக்குள்ளயே இறங்கிட்டார்." மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். "நாலு மணிக்கு மதகைத் திறப்பேன். கீழ்ப்படி நாலும் முழுகிடும். அஞ்சு நிமிஷம் முன்னாடி சங்கு ஊதுவேன். மேல வந்துடணும். பெரியவங்க இருக்கீங்க, பார்த்துக்குங்க."

அப்போது மணி இரண்டரை.

நடைபாலத்தின் நடுவில் நின்று கட்டடத்தைப் பார்த்தோம். மாப்பிள்ளை காகிதத்தை நீட்டினார். காட்சியில் படிகள் இடப்பக்கம் இருந்தன. இடப்பக்கப் படிகளை நோக்கித் திரும்பினோம்.

"கைப்பிடிக் கம்பி, மூணு" என்றேன்.

"அஞ்சு இருக்கே மாமா."

"மூணாவது படியில விரிசல்."

"இல்ல."

"சுவர்ல இரும்பு வளையம். படிக்கு மேலே."

"வளையமும் இல்ல."

"புகைபோக்கி, வலப்பக்கம்."

"அது இடப்பக்கமா இருக்கு. கம்ப்யூட்டர்ல சேர்த்திருப்பாங்களோ?"

"சேர்த்திருப்பாங்க. டிராகனையே சேர்த்தவங்களுக்குப் புகைபோக்கி என்ன?"

பாலத்தின் முன்னே போனோம், பின்னே வந்தோம். மாப்பிள்ளை முட்டி போட்டுப் பார்த்தார். கைப்பிடிக் கம்பிகளைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம் என்றார். கல்லில் விழுந்த விரிசலை யார் மாற்றுவார்கள் என்றேன். ஒரு மணி நேரம் ஓடியது. நான் கற்ற வேலை அப்படி. எழுத்து எழுத்தாகத்தான் பார்ப்பேன். பக்கத்தை முழுதாகப் பார்க்கத் தெரியாது.

என் மனைவி பாலத்தின் முனையில் சிமெண்டுத் திண்டில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பென்சில் வரியின் மேல் விரல்.

"கிடைக்கலன்னா திரும்பிப் போயிடலாமா மாமா?" என்றார் மாப்பிள்ளை மெல்ல.

"போகலாம்னு யார் சொன்னது?" திண்டிலிருந்து குரல் வந்தது. "அந்தப் பேப்பரைக் கொண்டாங்க இங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். இடங்களைப் பொருத்தும் வேலையில் அவள் அதுவரை கலந்துகொண்டதே இல்லை. காட்சியைக் கையில் வாங்கிப் பார்ப்பதே அதுதான் முதல் முறை. படியையோ சுவரையோ அவள் பார்க்கவில்லை. காவலனின் கோட்டைப் பார்த்தாள்.

"யார் தச்சது இது?" என்றாள்.

"என்ன?"

"ஆம்பளைக் கோட்டுல பொத்தான் போட்டா இடது பக்கத் துணி மேல வரும். பொம்பளை உடுப்புலதான் வலது பக்கம் மேல வரும். இங்க பாருங்க. வலதுதான் மேல இருக்கு. இவன் பொம்பளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கறான்."

"சினிமாக்காரங்க கவனிச்சிருக்கமாட்டாங்க."

"இவ்வளவு கைவேலை செஞ்சவன் இதைக் கவனிக்காம விடுவானா? காலர்ல போட்டிருக்கிற தையலைப் பாருங்க. இது கத்துக்குட்டி வேலை இல்ல." யோசித்தாள். "அந்த ராணி மண்டபத்துலயும் இவன் வருவானே. இதே கோட்டு. அந்தப் பேப்பர் எங்க?"

ஃபைல் மாப்பிள்ளையிடம் இருந்தது. அவர் நான்கடி தள்ளி நின்றார். நான் தபாலை எடுத்துப்போகத் திரும்பினேன். அதற்குள் இவள் கையை நீட்டிவிட்டாள். நேராக அவரை நோக்கி. வார்த்தை இல்லை. கை மட்டும்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டாவது காட்சியை உருவி அந்தக் கையில் வைத்தார்.

இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல சரியா இருக்கு. இடது பக்கம் மேல. கத்தி இடுப்புல இடப்பக்கம் தொங்குது. அதுல வலது பக்கம் மேல. கத்தியும் வலப்பக்கம். இது தையல் தப்பு இல்லங்க. துணியைத் திருப்பிப் போட்ட மாதிரி படத்தையே திருப்பிப் போட்டிருக்காங்க."

மாப்பிள்ளை குனிந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். பாலத்தின் நடுவுக்கு ஓடினார். காகிதத்தைத் திருப்பி, வெறும் பக்கம் தன்னைப் பார்க்க, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மை பின்புறமாக ஊடுருவித் தெரிந்தது. படிகள் வலப்பக்கம் போயிருந்தன. புகைபோக்கி இடப்பக்கம் வந்திருந்தது.

அவர் உடம்பு வலப்பக்கக் கரைக்குத் திரும்பியது. நாங்கள் ஒரு மணி நேரம் முதுகு காட்டிக்கொண்டிருந்த கரை.

"மாமா, வாசிங்க."

"கம்பி, மூணு."

"மூணு."

"மூணாவது படி, விரிசல்."

"இருக்கு."

"வளையம்."

"இருக்கு மாமா." அவர் காகிதத்தை இறக்கினார். "அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கு. 'இந்தக் காட்சியில என்னமோ சரியில்ல, கோட்டைப் பார்த்தா கண்ணுக்கு உறுத்துது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான்தான் பேசாம தூங்குன்னேன். இதைத்தான் அத்தைகிட்ட கேக்கணும்னு எழுதியிருக்கா."

என் மனைவி நோட்டைப் பார்த்தாள்.

"பொத்தானா?" என்றாள். "பொத்தானைப் பத்தியா?"

சிரித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அது எங்கே அழுகையானது என்று என்னால் சொல்ல முடியாது.

*

வலப்பக்கப் படிகளில் அவள் தானாக இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. நான் பின்னால் போனேன். மாப்பிள்ளை பாலத்திலேயே நின்றார்.

கீழிருந்து மூன்றாவது படி. விரிசல். அவள் அதில் நிற்கவில்லை. அதற்கு மேல் படியில் உட்கார்ந்து, மூன்றாவது படியைக் காலியாக விட்டாள். பிறகு அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"படத்தைத் திருப்பிப் போட்டிருக்காங்கடி. நீ நெனச்சது சரிதான்."

தண்ணீர் அசையாமல் இருந்தது.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இதுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே" என்றாள். "ஒரு நிமிஷம் ஆகுமா? 'அம்மா, ஆம்பளைக் கோட்டுல எந்தப் பக்கம் மேல வரும்?' அவ்வளவுதானே. ஏன் போடல?"

எனக்குத் தெரியும். அம்மாவின் குரலைக் கேட்டால் தன்னால் மறைக்க முடியாது என்று அவளுக்குப் பயம். வேலை அதிகம் என்று எழுத்தில் மட்டும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். மறைக்கச் சொன்னவன் நான்.

"அவர்தான் போட விட்டிருக்கமாட்டார்" என்றாள். பாலத்தின் பக்கம் தலையைத் திருப்பினாள். "ஒரு போன். அதைக்கூட."

"அவர் இல்ல" என்றேன்.

"நீங்க எப்பவும் அவருக்குத்தான் பரிஞ்சு பேசுவீங்க."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவளுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு. டாக்டர் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். அச்சகத்துக்குப் போன் பண்ணிச் சொன்னா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இடது கண்ணை லேசாகச் சுருக்கிப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது பார்க்கிற பார்வை. என் தோளில் பட்டுக்கொண்டிருந்த தன் தோளை நகர்த்திக்கொண்டாள்.

"பதினோரு மாசம்" என்றாள். "பதினோரு மாசமா அந்தப் பிள்ளையை நான் திட்டிக்கிட்டிருந்தேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

"சாப்பாடு போடாம அனுப்பினேன் ஒரு நாள். வாசல்ல வந்து நின்னவரை."

"ஆமா."

மேலே சங்கு ஊதியது. நீளமாக. கட்டடத்துக்குள்ளிருந்து ஏதோ உருளும் சத்தம் வந்தது.

"அவ என்னைக்குச் சொன்னா?"

"உனக்குக் கண் ஆபரேஷன் ஆகி பத்தாம் நாள்."

அவள் கை தானாக மேலே போய்க் கண்ணைத் தொட்டது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. இரண்டாவதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். மூச்சை இழுத்தேன்.

"அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார்ல" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "அதனாலதான். என் கண்ணு கெட்டுடக்கூடாதுன்னு. பைத்தியக்காரி. அதனாலதான் அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கா உங்ககிட்ட. இல்லையா?"

எத்தனையோ பதில்கள் இருந்தன.

"ம்" என்றேன்.

மதகு திறந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. முதல் படி போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது படியின் விரிசலுக்குள் தண்ணீர் புகுந்து நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மேல வாங்க! ரெண்டு பேரும் மேல வாங்க!" ஆபரேட்டர் அம்மாள் கத்தினார்.

நான் கை கொடுத்தேன். அவள் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

அந்த ஐந்தாவது இடத்தின் போட்டோ இப்போதும் என்னிடம் இருக்கிறது. மாப்பிள்ளை பாலத்திலிருந்து எடுத்தது. நாங்கள் என்ன பேசினோம் என்று அவருக்குக் கேட்டிருக்காது. கீழே காலியான படி, அதற்கு மேல் இரண்டு பேர். நான் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்கிறேன். அவள் கண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மனைவிக்கு நான் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

*

காருக்கு வந்ததும் அவள் முன்கதவைத் திறந்தாள்.

"நீங்க பின்னால உட்காருங்க" என்றாள் என்னிடம்.

அவள் இடத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் தலையின் பின்புறம் மட்டும் தெரிந்தது. கண்ணாடியில் யார் முகமும் இல்லை.

அவர் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பது என்று அவருக்குப் பழக நேரம் தேவைப்பட்டது.

"இந்த பெல்ட்டை எங்க மாட்டணும் தம்பி?"

பதினோரு மாதத்துக்குப் பிறகு வந்த 'தம்பி'.

"இங்க அத்தை." இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை கொக்கி மாட்டியது.

நோட்டில் ஐந்துக்கு நேரே டிக் போட்டார். பென்சில் வரிக்குக் கீழே ஏதாவது எழுதலாமா என்று அவளைக் கேட்டார். அவள் பேனாவை வாங்கி, 'கேட்டாச்சு' என்று எழுதினாள்.

கார் கிளம்பிக் கால்வாயை ஒட்டியே போயிற்று. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"தம்பி, என்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னது அவதானே?"

பின்னால் நான் இருக்கை நுனிக்கு நகர்ந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும்.

"ஆமா அத்தை." வேகத்தைக் குறைத்தார். "மாமா உங்ககிட்ட சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார். படியில."

"அப்ப நானும் சொல்லிடலாம்." பெருமூச்சு விட்டார். "மாமா மேல கோவப்படாதீங்க. தினமும் போன்ல கெஞ்சினாராம். 'அம்மாகிட்ட சொல்லிடும்மா, நான் சொல்லட்டுமா'ன்னு. இவதான் பிடிவாதமா முடியாதுன்னுட்டாளாம். கடைசி வாரம் என்னை உட்காரவச்சு சொன்னா. 'அப்பா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். நான்தான் ஒத்துக்கல. நாளைக்கு அம்மா யாரைத் திட்டினாலும், இதை நீ அம்மாகிட்ட சொல்லணும்'னா. உங்ககிட்ட பேச எனக்கு இவ்வளவு நாள் வாய்ப்பே கிடைக்கல அத்தை."

நான் கெஞ்சவில்லை. ஒரு நாளும் கெஞ்சவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல், அவள் எனக்காக வாதாடி முடித்துவிட்டுப் போயிருக்கிறாள். துணி மாதிரி இருக்கிற பேப்பர்.

முன்னிருக்கையில் என் மனைவி அழுதாள். சத்தமில்லாமல், நிதானமாக, அழுவதற்கு அனுமதி உள்ள கண்களோடு. பிறகு திரும்பிப் பார்க்காமலேயே, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கையைப் பின்னால் நீட்டினாள். படியில் எனக்குத் தராத கை. கத்தரி பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப்போன கை.

"தெரியாமப் போச்சுங்க" என்றாள். "நீங்களும் எவ்வளவு சுமந்தீங்களோ."

ஆறாவது இடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் மாப்பிள்ளை.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரமும் அவள் அதை எடுக்கவில்லை. நானும் விடவில்லை.